அசல் டங்கர்பிக்காரர் யார்?

டங்கர்பி என்ற ஊருக்கு டங்கர்பி என்று பெயர். ஆயிரம் வருஷமாக இதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. யார்க்‌ஷயரில், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே இருக்கிற ஊர் அது. 'பி' என்று முடிந்தால் பழைய டேனிஷ்காரன் போட்ட பண்ணை என்று அர்த்தமாம். முன்பாதிக்குத்தான் இரண்டு கட்சி. டங்கர் என்று ஓர் ஆசாமி இருந்தான், அவன் பண்ணை இது என்பார் ஒரு பேராசிரியர். அதெல்லாம் கிடையாது, அந்த வார்த்தைக்குச் சேறு என்று பொருள் என்பார் இன்னொருவர். ஊரை நேரில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டாவது பேராசிரியர் கட்சி.

இப்படி நிம்மதியாக இருந்த ஊருக்குப் பெயர்ப் பைத்தியம் பிடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது நாடு முழுக்கவே அதுதான் நாகரிகம். சின்னக் குழாயில் எச்சில் துப்பித் தபாலில் அனுப்பினால், உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்தச் சேற்றில் கால் வைத்தான் என்று எழுதி அனுப்புவார்கள். கிறிஸ்துமஸுக்கு மாமியாருக்குக் காலுறை வாங்கித் தந்த மருமகன்கள் எல்லாம் இந்தக் குழாயை வாங்கித் தர ஆரம்பித்தார்கள். நாடே துப்பியது.

ஜனங்கள் துப்பினால் மாவட்ட மன்றம் சும்மா இருக்குமா? 'இட நாம அடையாள ஒருங்கிணைப்புப் பிரிவு' என்று ஒன்றை அமைத்து, அதற்கு ஃபெலிசிட்டி கிராப்ட்ரீ என்ற அம்மாளை அலுவலராகப் போட்டது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, முகத்தில் ஓயாத புன்னகை. பிரிவை அமைத்தாயிற்று, அதற்கு ஒரு வேலை வேண்டுமே! தேடிப் பார்த்ததில் டங்கர்பியின் பொதுத் தோட்டம் கண்ணில் பட்டது.

மன்றத்துக்குச் சொந்தமான நிலம் அது. இருபத்திரண்டு துண்டாகப் பிரித்து ஊர்க்காரர்களுக்குக் காய்கறி போடக் கொடுத்திருந்தார்கள். அதில் ஏழாம் நம்பர் நார்மன் பிக்கரிங்கிடம் இருந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. இருபத்தாறு வருஷமாக அந்த மண்ணைக் கிளறியவர். மனைவி டோரீனின் பிறந்தநாளை மூன்று தடவை மறந்திருக்கிறார். வெங்காயத்துக்கு உரம் வைக்க ஒரு தடவைகூட மறந்ததில்லை.

வெங்காயம் என்றால் நீங்களும் நானும் சாம்பாருக்கு உரிக்கிற வெங்காயம் இல்லை. செப்டம்பரில் நடக்கிற விளைபொருள் போட்டிக்கு வளர்க்கிற ராட்சத ஜாதி. குழந்தைத் தலையைவிடப் பெரிதாக வரும். பதினெட்டு வருஷமாக நார்மனுக்கு இரண்டாம் பரிசு. பதினெட்டு வருஷமாக முதல் பரிசு பக்கத்து எட்டாம் நம்பர் கிளிஃப் ஆட்லிக்கு. ஆனால் அந்த வருஷம் நார்மனின் வெங்காயம் மே மாதத்திலேயே கிளிஃபின் வெங்காயத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. கிளிஃபே வேலிக்கு இந்தப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தப்பா போடுற அதுக்கு?" என்று கேட்டார். நார்மன் அன்று ராத்திரி தூக்கத்தில் சிரித்ததாக டோரீன் சொன்னாள்.

அந்த மே மாதம்தான் மன்றத்தார் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் கடைசி விஷயமாக எழுந்து நின்றாள் கிராப்ட்ரீ அம்மாள்.

"பொதுத் தோட்ட நிலங்கள் இனிமேல் உண்மையான மண்ணின் மைந்தர்களுக்கே வழங்கப்படும். உண்மையான மண்ணின் மைந்தர் யார் என்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம், ஊரின் பெயரையே குடும்பப் பெயராகத் தாங்கியிருப்பது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபது பேருக்கும் ஆட்சேபணை இருந்தது. ஆனால் மணி ஒன்பதாகப் போகிறது. அந்த அம்மாள் பாவம், படம் எல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறாள். இப்போது போய்க் கை தூக்கினால் அவள் மனசு என்ன பாடுபடும்! ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் தூக்குவார் என்று காத்திருந்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெளியே வந்த பிறகு வாகனம் நிறுத்துமிடத்தில் அறுபது பேரும் முக்கால் மணி நேரம் கொதித்தார்கள்.

ஜூனில் கடிதம் வந்தது. நார்மன் அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

"ஏம்மா, என்னைத் தோட்டத்தை விட்டு வெளியேத்துறீங்களா?"

"ஐயையோ, வெளியேற்றமா! அந்த மாதிரி வார்த்தையெல்லாம் நாங்க உபயோகிக்கிறதே இல்லை மிஸ்டர் பிக்கரிங். இது 'தாய்மண் மீட்பு'. பிக்கரிங்ங்கிறது ஒரு ஊரு. உங்க மண்ணு அங்க இருக்கு."

"அது அறுபது மைல் தள்ளி இருக்கு கண்ணு. நான் அங்க ஒரே ஒரு தடவை போயிருக்கேன். மழை பெஞ்சுது. ஒரு டீ குடிச்சிட்டு வந்துட்டேன்."

"அப்ப உங்களுக்கும் அந்த மண்ணுக்கும் ஏற்கனவே தொடர்பு இருக்கு!" அவள் குறித்துக்கொண்டாள்.

"எங்க அப்பா இந்த ஊரு. தாத்தா இந்த ஊரு. அவங்கப்பன் இந்தக் கோயில் வாசல்ல புதைஞ்சு கெடக்காரு."

"அவரும் தவறான இடத்துலதான் இருக்கார். ஆனா கவலைப்படாதீங்க, புதைச்சவங்களை இந்தக் கட்டத்துல நாங்க எடுக்கிறதா இல்லை."

"சரி, உங்க பேரு கிராப்ட்ரீன்னா காட்டு ஆப்பிள் மரம். நீங்க எந்த மரத்துக்குப் போகணும்?"

"விதி அலுவலர்களுக்குப் பொருந்தாது" என்று புன்னகை மாறாமல் சொன்னாள்.

தோட்டம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம். கிளிஃப் ஆட்லியை ஆட்லிக்குப் போகச் சொல்லியிருந்தது. மூன்றாம் நம்பர் மிஸஸ் நார்த்தை வடக்கே போகச் சொல்லியிருந்தது. எவ்வளவு தூரம் என்று குறிப்பிடவில்லை. பாதிரியார் ஹாலண்ட் தம்முடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்பட்டார். ஹாரி லண்டன் ஒருவருக்குத்தான் பரம சந்தோஷம். "லண்டன்ல எனக்கு நிலமா! அங்க ஒரு பீரோ வைக்கிற இடம் என்ன விலை தெரியுமாடா!" என்று மதுக்கடையில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். லண்டனிலிருந்து பதில் வந்தபோது அந்த பீரை நினைத்து அழுதார்.

விதி போட்டாயிற்று, மைந்தர் வேண்டுமே! டங்கர்பியில் டங்கர்பி என்ற குடும்பப் பெயர் ஒருவருக்கும் கிடையாது. தேடு தேடு என்று தேடி, தென்கடலோரம் போர்ன்மத்தில் ஒருவரைப் பிடித்தார்கள். ரூபர்ட் டங்கர்பி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் கொடுத்த குழாயில் துப்பிய நாள் முதல் தூங்காமல் இருந்த மனிதர். கூப்பிட்டதும் பறந்து வந்தார். புதுக் கம்பளிச் சட்டை, புதுத் தொப்பி, மண்ணே படாத புது பூட்ஸ். ஊர் எல்லையில் காரை நிறுத்தி, குனிந்து மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கே கிளிஃப் அன்று காலைதான் குதிரைச் சாணம் கொட்டியிருந்தார்.

அவருக்கு ஏழாம் நம்பர் தரப்பட்டது. மற்ற இருபத்தொன்றும் மைந்தர் இல்லாமல் சும்மா கிடந்தன. நிலத்தில் நிற்கிற பயிர் நிலத்தோடு சேர்ந்தது என்பதால் வெங்காயமும் அவருக்கே.

மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் நார்மனுக்குப் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டலாம்.

"இது என்னங்க, பூவா?" என்று வெங்காயத்தைக் காட்டிக் கேட்டார் ரூபர்ட்.

நார்மன் குனிந்து அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். "வெங்காயம்ங்க."

"அடேயப்பா! செப்டம்பர் ஒண்ணாந்தேதி இதையெல்லாம் எடுத்துட்டு, நடுவுல எங்க வம்சத்துக்கு ஒரு கல்வெட்டு வைக்கப் போறேன். சுத்தி சரளைக்கல்லு. எப்படி ஐடியா?"

"பிரமாதமா இருக்கும்ங்க" என்றார் நார்மன். மனசுக்குள் என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது. "அதுவரைக்கும் நான் வந்து கொஞ்சம் தண்ணி ஊத்தலாமா?"

"தாராளமா! வருகைப் பதிவேட்டுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. ஆபீஸ்ல கேக்குறாங்க."

இருபத்தாறு வருஷம் உழுத மண்ணுக்குள் நார்மன் 'விருந்தினர்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நுழைந்தார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் 'வெங்காயம்' என்று எழுதினார்.

டோரீன் பொறுக்க மாட்டாமல் சத்தம் போட்டாள். "ஏங்க, உங்களுக்குச் சூடு சொரணை எதுவும் கிடையாதா? அந்த ஆளு பேருதான் ஊருப் பேரு, அவ்வளவுதானே? பேரு எப்படி வந்துதுன்னு போய்க் கேளுங்களேன். எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்கல்ல?"

நார்மனுக்கு இது சரி என்று பட்டது. மறுநாளே ஆவணக் காப்பகத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி, தூசியும் இருமலுமாக, எழுநூறு வருஷத்துப் பதிவு ஒன்றை எடுத்து வைத்தாள். எழுதியிருந்தது இதுதான்: ராபர்ட் என்பவன், டங்கர்பியிலிருந்து வந்தவன், அங்கே பக்கத்து வீட்டு வாத்தைத் திருடிவிட்டு ஓடிவந்து தெற்கே குடியேறியிருக்கிறான்; இங்கே அவனை டங்கர்பி என்றே கூப்பிடுகிறார்கள்.

"அப்ப டங்கர்பின்னு பேரு இருந்தா அவன் டங்கர்பிக்காரன் இல்லையா?" என்றார் நார்மன்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஊருக்குள்ளயே இருக்கிறவனை ஊர்ப் பேரு சொல்லி எவனாவது கூப்பிடுவானா? 'ஏ டங்கர்பி'ன்னு கத்தினா ஊரே திரும்பிப் பாக்குமே! ஊரை விட்டுப் போனவனைத்தான் போன இடத்துல அப்படிக் கூப்பிட்டாங்க. ஒருத்தன் பேருல ஊர்ப் பேரு இருந்தா, அவன் வம்சம் அந்த ஊர்ல தங்கலைன்னுதான் அர்த்தம்."

"அம்மா, நீ நல்லா இருப்பே!" என்றார் நார்மன். கட்டிப்பிடித்திருப்பார், ஆனால் அறிமுகம் ஆகி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நகலைக் கொண்டுபோய் கிராப்ட்ரீ அம்மாளின் மேஜையில் வைத்தார். அவள் இரண்டு தடவை படித்தாள். முகம் மலர்ந்தது.

"அற்புதம் மிஸ்டர் பிக்கரிங்! அப்படின்னா மிஸ்டர் டங்கர்பி, ஊரை விட்டுப் போனவங்களோட வாரிசு."

"அதேதான்!"

"அந்தப் பேரு இருக்கிறதே, இந்த ஊர்க்காரர் இல்லைங்கிறதுக்கு ஆதாரம்."

"அதேதாம்மா!"

"அப்ப அந்தப் பேரு இல்லாம இருக்கிறதுதான் இந்த ஊர்க்காரர்ங்கிறதுக்கு ஆதாரம்."

"அதே..." நார்மன் நிறுத்தினார். எங்கேயோ இடித்தது. "கொஞ்சம் இருங்க. அந்தப் பேரு இந்த நாட்டுல அவரை விட்டா யாருக்குமே இல்லையே?"

"ஆமா! ஆறு கோடிப் பேருக்கு மேல இப்ப தகுதி வந்துடுது. எங்க பிரிவு இதுவரைக்கும் இவ்வளவு பேரை அரவணைச்சதே இல்லை. இருபத்திரண்டு நிலத்தையும் திரும்ப வழங்குறோம். ஆகஸ்ட் இருபத்தெட்டு, காலை பத்து மணி, ஊர் மண்டபம். முதலில் உள்ளே வருபவருக்கு முதலில். எல்லாம் உங்களாலதான்!"

ரூபர்ட் டங்கர்பி, கடிதத்தைப் பார்த்ததும் ஒரு பாட்டில் விஸ்கியோடு நார்மன் வீட்டுக்கு வந்தார். "வாத்து விஷயம் எனக்குத் தெரியாதுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று குடும்பத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துவிட்டு, கல்வெட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போர்ன்மத் போய்ச் சேர்ந்தார்.

வெங்காயம் அதற்குள் பதினைந்து ராத்தலை, அதாவது ஏறக்குறைய ஏழு கிலோவை, தாண்டியிருக்கும் என்று நார்மன் கண்ணாலேயே எடை போட்டார். போட்டி நாளன்று நிலம் யார் பேரில் இருக்கிறதோ, அவர்தான் அதில் விளைந்ததைப் போட்டிக்கு வைக்க முடியும். ஆகவே இருபத்தெட்டாம் தேதி மண்டபத்துக்குள் முதல் ஆளாக நுழைய வேண்டும், ஏழாம் நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

காலை ஆறு மணிக்கே போய் நின்றார். ஒரு ஈ காக்கை இல்லை. வாசலில் முதல் ஆள் அவர். ஏழு மணிக்கு அவருக்குப் பின்னால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். லீட்ஸிலிருந்து வருகிறாள், பெயர் போர்ஷா. தன் கையால் காய் வளர்ப்பது இப்போது அவள் வட்டாரத்தில் பெரிய நாகரிகமாம். எச்சில் துப்புவது பழசாகிவிட்டதாம். எட்டு மணிக்கு இரண்டு பஸ் நிறைய ஆள் வந்து இறங்கியது. ஒன்பதரைக்குக் கிளிஃப் வந்து, நாற்பதாவது ஆளாக வரிசையில் நின்று, "நார்மன், நீ முதலா! ஜமாய்!" என்று அங்கிருந்தே கத்தினார். டோரீன் எதிர்ச் சாரியில் நடைபாதையில் நின்று முன்கூட்டியே கையைத் தட்டினாள்.

பத்து மணிக்குக் காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு உள்ளே போனான். பழைய மரக்கதவு. இழுத்துத் திறக்க வேண்டும். விட்டால் வில் போட்ட மாதிரி படாரென்று மூடிக்கொள்ளும். நார்மன் கதவை இழுத்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது.

போர்ஷா தள்ளுவண்டியோடு நின்றாள். தள்ளுவண்டிக்காரியின் முகத்தில் கதவை விடுகிற மனுஷன் டங்கர்பியில் இன்னும் பிறக்கவில்லை.

"நீ போ கண்ணு" என்றார் நார்மன், கதவைப் பிடித்தபடி.

"ரொம்ப நன்றிங்க!"

அவளுக்குப் பின்னால் கைத்தடியோடு ஒரு கிழவர். "நன்றி." அவருக்குப் பின்னால் அவர் மனைவி. "நன்றி." எவ்வளவு தூரத்தில் ஆள் வந்தால் கதவைப் பிடித்திருக்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் வந்தால் விட்டுவிடலாம் என்பதற்கு அந்த ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஏழெட்டு அடி இடைவெளி இருந்தால் விடலாம். வரிசையில் வருகிறவன் எவன் ஏழடி விட்டு வருவான்? ஒவ்வொருத்தரும் முன்னால் போகிறவரின் முதுகை ஒட்டியே வந்தார்கள். ஒவ்வொருத்தரும் நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு நன்றிக்கும் நார்மன், "பரவாயில்லைங்க" என்றார்.

"ஏங்க!" டோரீன் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். "என்ன பண்றீங்க? கதவை விட்டுட்டு உள்ள போங்க!"

"எப்படிம்மா விடுறது? பின்னால ஆள் வருதே!"

"வரட்டும்! அவங்களுக்குக் கை இல்லையா?"

"மெதுவாப் பேசு. அவங்க காதுல விழப்போகுது."

"விழட்டுமே! உங்க வெங்காயம்ங்க! பதினெட்டு வருஷம்ங்க!" டோரீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நார்மனின் கண்ணும் கலங்கியிருந்தது. கை மட்டும் கதவை விடவில்லை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று உதடு எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு உள்ளே போனது. இருபத்து மூன்று போனது. நாற்பதாவது ஆளாகக் கிளிஃப் வந்தார்.

"நன்றி நார்மன்" என்றார் கிளிஃப், பழக்க தோஷத்தில். உள்ளே இரண்டடி வைத்த பிறகுதான் யாருக்கு நன்றி சொன்னோம் என்பது உறைத்தது. திரும்பினார். ஆனால் பின்னால் ஆள் வந்துகொண்டிருந்தது. வழியை அடைத்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. நடந்து போய்விட்டார்.

ஏழு ராசியான எண் என்று போர்ஷா ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே கிராப்ட்ரீ அம்மாள் தோட்டத்தை இழந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினாள். விதிப்படி, பழைய குத்தகைதாரர்களில் ஒரே ஒருவர் பத்து நாளுக்குள் 'திருப்தியில்லை' என்று எழுதினால் போதும். வழங்கல் மொத்தமும் ரத்து, நிலங்கள் எல்லாம் பழையபடி பழையவர்களுக்கே. இதைப் படிவத்தின் மேலேயே, கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாள். அவளும் நேர்மையான பெண்மணிதான்.

டோரீன் படிவத்தைச் சமையலறை மேஜையில் விரித்து, நார்மனின் கையில் பேனாவைத் திணித்தாள்.

"போடுங்க. ஒரே ஒரு டிக்கு."

நார்மன் பேனாவைக் கட்டத்தின் மேலே கொண்டுபோனார். 'திருப்தியில்லை' என்ற வார்த்தையை உற்றுப் பார்த்தார்.

"இதைப் பாத்தா அந்த ஆபீஸ் பொண்ணு ரொம்ப வருத்தப்படும் டோரீன். பாவம், அது பொறுப்பு எடுத்த முதல் பிரிவு இதுதானாம். அதுவுமில்லாம இருபத்திரண்டு பேரு இருந்தோம். கிளிஃப் எழுதுவான். மிஸஸ் நார்த்துக்கு வாய் ஜாஸ்தி, அவ எழுதாம இருப்பாளா?"

அதே நேரத்தில் கிளிஃப் வீட்டுச் சமையலறையில் கிளிஃப், "நார்மன் எழுதுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மிஸஸ் நார்த், தன்னை வாயாடி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இந்த ஒரு தடவை வாயைக் கட்டிக்கொண்டாள்.

நார்மன் 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் டிக் போட்டார். டோரீன் அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. அப்புறம் அவருக்கே மனசு உறுத்தியது. உள்ளதை உள்ளபடி சொல்லாமல் விடுவதும் தப்பாயிற்றே! 'பிற கருத்துகள்' என்ற இடத்தில் இப்படி எழுதினார்: 'மண்டபத்தின் கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. முடிந்தால் எண்ணெய் போடவும். அவசரம் ஒன்றும் இல்லை.'

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை போட்டி நடந்தது. தராசு பதினாறு ராத்தலைக் காட்டியது. மாவட்டத்திலேயே அப்படி ஒரு வெங்காயம் வந்ததில்லை என்றார் நடுவர். போர்ஷா கோப்பையை வாங்கிக்கொண்டு, "நான் பெருசா ஒண்ணும் பண்ணலை. மண்ணே நல்ல மண்ணு போல" என்றாள். கூட்டம் கைதட்டியது. நார்மனும் தட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதால் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

கோப்பை கொடுக்க வந்திருந்த கிராப்ட்ரீ அம்மாள் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "டங்கர்பி திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுபோக மேலிடம் உத்தரவு போட்டிருப்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். நிலம் இழந்த இருபத்திரண்டு பேரில் இருபத்திரண்டு பேரும் 'மிகவும் திருப்தி' என்று எழுதியிருக்கிறார்கள். மொத்தத்தில் வந்த குறை ஒன்றே ஒன்று. மண்டபத்துக் கதவு. அதற்கும் நேற்றே எண்ணெய் போட்டாயிற்று!"

நார்மனின் முகம் பளிச்சென்று மாறியது. டோரீனை முழங்கையால் இடித்தார்.

"பாத்தியா? நம்ம குறையை மரியாதையா எடுத்துச் சொன்னா, ஆபீஸ்ல செய்யாமலா போயிடுவாங்க?"